'சகபாடிக் கற்றல்' அன்று, நிகரோரிடைக் கற்றல்

ஆப்பிரிக்க நகரங்கள் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகளை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வதை ஆங்கில ஆவணங்கள் 'பியர் லேர்னிங்' என்று குறிக்கின்றன. தமிழாக்கம் செய்வோர் இதற்குச் 'சகபாடிக் கற்றல்' என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாம்பியாவின் லுசாக்கா போன்ற மாநகரங்களைச் 'சகபாடி நகரங்கள்' என்று அழைக்கும் அளவுக்கு அது சென்றுவிட்டதால், இச்சொல்லை ஒருமுறை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'பியர்' என்பதன் வேர், சமம் என்று பொருள்படும் 'பார்' என்னும் லத்தீன் சொல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரிட்டனில் பிரபுக்களைக் குறிக்கும் பட்டமாகவும் ஆயிற்று. இன்று தகுதியாலோ தொழிலாலோ வயதாலோ ஒரே நிலையில் இருப்பவரைக் குறிக்கிறது. சொல்லின் உயிர் சமநிலையில்தான் இருக்கிறது.

'சகபாடி' வடமொழி வழி வந்த சொல். உடன் பாடம் படிப்பவர் என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழில் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் உயிரோடு வழங்கும் நல்ல சொல் அது. அந்த இடத்தில் அதனோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. வடசொல் என்பதற்காகவும் நான் அதை மறுக்கவில்லை. பாடம் என்று ஒன்று இருந்தால் அதை நடத்தும் ஆசிரியர் ஒருவர் மேலே இருந்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல். சகபாடிகள் ஒருவருக்கொருவர் சமம் என்றாலும், அவர்கள் அனைவரும் சேர்ந்து ஒருவருக்குக் கீழே அமர்ந்திருப்பவர்கள். ஆப்பிரிக்க நகரங்கள் மாற்ற முயல்வது சரியாக அந்த அமைப்பைத்தான். வெளியிலிருந்து வல்லுநர் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போவதும், நகராட்சிப் பணியாளர் குறிப்பெடுத்துக்கொள்வதும் போதாது என்று கண்டதால்தான் இந்த முறையே பிறந்தது.

கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2015இல் தொடங்கிய 'ஃப்ராக்டல்' என்னும் நகரக் காலநிலை ஆய்வுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். லுசாக்கா, நமீபியாவின் விண்ட்ஹோக், மொசாம்பிக்கின் மபூட்டோ முதலிய, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நகரங்களில் அது கூட்டிய அமர்வுகளில் அறிவியலாளர், மாநகராட்சி அலுவலர், குடியிருப்போர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். காலநிலை மாதிரிகளின் வரைபடங்கள் முதலில் விரிக்கப்படவில்லை. இந்த நகரத்தை இன்று வாட்டுவது எது என்ற கேள்விதான் முதலில் வைக்கப்பட்டது. லுசாக்காவில் அதற்கு வந்த விடைகள் நிலத்தடி நீர் மாசும், வெள்ளமும், புறநகர்க் குடியிருப்புகளின் குடிநீரும். ஆராய்ச்சியாளர்கள் மாநகராட்சி அலுவலகங்களுக்குள்ளேயே அமர்ந்து வேலை செய்தனர். இங்கே யார் யாருக்குச் சகபாடி? பாடமே அந்த மேசையில்தான் உருவானது.

'சக' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'சக நகரங்களின் கற்றல்' என்று எழுதலாமே என்பர் சிலர். சக பயணி, சக ஊழியர் என்பன பழகிய சொற்களே. ஆனால் சக பயணி என்றால் ஒரே வண்டியில் வருபவர் என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. சேர்க்கை கிடைக்கிறது, சமநிலை கிடைப்பதில்லை.

'ஒத்தோர்' தூய தமிழ்ச் சொல். கலைச்சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள பலர் அதை விரும்பக்கூடும். நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஒத்தல் என்பது முதலில் ஒருபோல இருத்தலையே நினைவூட்டுகிறது. இந்த நகரங்களோ ஒருபோல இல்லை. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழைகூடப் பெறாத விண்ட்ஹோக், கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக வழங்குவதை 1968 முதல் செய்துவருகிறது. அட்லாண்டிக் கரையிலுள்ள சியரா லியோனின் ஃப்ரீடவுனில் பருவமழை கொட்டித் தீர்க்கும். 2017 ஆகஸ்டில் மலைச்சரிவு பெயர்ந்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட பின், பத்து இலட்சம் மரங்கள் நடும் திட்டத்தை அந்நகரம் 2020இல் தொடங்கியது. நட்ட கன்றுக்குத் தனி எண் கொடுத்து, அது பிழைத்திருப்பதைப் படமெடுத்துக் காட்டும் உள்ளூர் மக்களுக்கே பணம் வழங்கியது. ஒன்றை வாட்டுவது வறட்சி, மற்றதை வாட்டுவது வெள்ளம். ஆயினும் இரண்டும் குறைந்த நிதியோடும் வேகமாகப் பெருகும் மக்களோடும் போராடும் நகர ஆட்சிகள் என்ற வகையில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஒத்திராமலேயே சமமாக நிற்பதைச் சொல்லத் தமிழில் இருக்கும் சொல் 'நிகர்'. தனக்கு நிகர் இல்லை என்று பேச்சில் அன்றாடம் சொல்கிறோம். ஆதலால் 'நிகரோரிடைக் கற்றல்' என்பதே பொருந்தும். 'இடை' என்பது கற்றல் இருபுறமும் நிகழ்வதைக் காட்டிவிடுகிறது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காலநிலை ஆவணங்களில் 'நிகர பூஜ்ஜிய உமிழ்வு' என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கணக்கியலிலும் 'நிகர லாபம்' என்கிறோம். அங்கே 'நிகர' என்பது கழிவுகள் போக எஞ்சுவது. ஒரே ஆவணத்தில் இரு பொருளா என்றால், 'நிகரோர்' என்பதன் '-ஓர்' விகுதி ஆட்களை, இங்கே ஆட்களாக உருவகிக்கப்பட்ட நகரங்களை, ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. சூழல் மயக்கம் தராது.

இத்தகைய தமிழாக்கங்களில் இன்னொரு தவறும் கூடவே வருகிறது. அந்த மேசையைச் சுற்றி அமர்ந்த குடியிருப்போரையும் அலுவலரையும் சேர்த்து ஆங்கிலம் 'ஸ்டேக்ஹோல்டர்ஸ்' என்பதைப் 'பங்குதாரர்கள்' என்று எழுதிவிடுகின்றனர். பங்குதாரர் நிறுவனத்தில் பங்கு வாங்கியவர். கிணற்று நீர் கெட்டுப்போன லுசாக்காக் குடும்பம் எந்தப் பங்கையும் வாங்கவில்லை. அது பாதிக்கப்பட்ட தரப்பு. 'தொடர்புடையோர்' என்றால் போதும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று திரும்பிப் பார்க்காத அவசரம்தான் இரண்டு தவறுக்கும் காரணம்.

2011 டிசம்பரில் டர்பனில் மேயர்கள் ஒப்பமிட்ட, காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப நகரங்களைத் தகவமைப்பதற்கான சாசனம், நகரங்களுக்கிடையிலான ஒத்துழைப்பையும் அறிவுப் பகிர்வையும் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. அதைப் பற்றித் தமிழில் எழுத நேர்வோர், 'டர்பன் சாசனத்தில் இணைந்த நகரங்கள் நிகரோரிடைக் கற்றல் வழியாகத் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொள்கின்றன' என்று எழுதினால், அந்நகரங்கள் தம்மை எவ்வாறு கருதுகின்றனவோ அவ்வாறே தமிழிலும் நிற்கும்.