பிள்ளைகளை வேலைக்கு வைக்கலாமா? சட்டம் 350 சொல்வது

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை, துணிக்கடை, சாப்பாட்டுக் கடை என்று எங்கும் சின்னப் பிள்ளைகள் நிற்பார்கள். கேட்டால், "அண்ணன் பையன்தான், சும்மா ஒத்தாசைக்கு வந்திருக்கான்" என்பார் முதலாளி. அந்த ஒத்தாசைக்கும் எல்லை உண்டு. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சிறுவர், இளையோர் வேலைச் சட்டம், அதாவது சட்டம் 350, அதை வகுத்திருக்கிறது. அதன் முக்கியத் திருத்தங்கள் 1.2.2019 முதல் நடப்பில் உள்ளன.

15 வயது நிறையாதவர் சிறுவர். அதற்கு மேல் 18 நிறையும் வரை இளையோர். 13, 14 வயதுப் பிள்ளைகள் குடும்பம் நடத்தும் தொழிலில் இலேசான வேலை செய்யலாம். உரிமம் பெற்ற கலைநிகழ்ச்சி, தொழிற்பயிற்சி போன்றவை தனி. முதலாளியை 'அங்கிள்' என்று கூப்பிடுவதால் மட்டும் அது குடும்பத் தொழில் ஆகிவிடாது.

எது இலேசான வேலை? உட்கார்ந்தபடி கை, கால், உடம்பை மிதமாக அசைத்துச் செய்வது, அல்லது நின்றபடி பெரும்பாலும் கையை மட்டும் மிதமாக அசைத்துச் செய்வது என்கிறது சட்டம். உட்கார்ந்து பூச்சரம் கட்டுவது இதில் அடங்கும். கேஸ் தோம்பு (சிலிண்டர்) உருட்டுவதும் அரிசி மூட்டை தூக்குவதும் அடங்காது. ஆபத்தான வேலை 17 வயதுப் பையனுக்கும் கூடாது.

அடுத்தது நேரம். சிறுவர்கள் இரவு 8 முதல் காலை 7 வரை வேலை செய்யக்கூடாது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். பள்ளி நாளென்றால் பள்ளியையும் வேலையையும் சேர்த்தே 7 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வியாபாரம் சூடுபிடிப்பதே எட்டு மணிக்குத்தான். அதிகம் மீறப்படுவது இந்த விதியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 1,00,000 ரிங்கிட், 5 ஆண்டு வரை போகும்.

முன்பணம் கொடுத்து, கடன் தீரும்வரை வீட்டுக்கு விடமாட்டேன் என்று பிள்ளையைப் பிடித்து வைப்பது வேறு கதை. அது கட்டாய உழைப்பு. 1955ஆம் ஆண்டின் பொது வேலைச் சட்டத்தின் 90பி பிரிவு 1.1.2023 முதல் அதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் மனித வணிகத் தடுப்புச் சட்டமும் பாயலாம். பிள்ளை சம்மதித்தான் என்ற சாக்கு அங்கே எடுபடாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே பாதுகாப்புதான்.

நம் சமூகத்துக்கு இது புதிதல்ல. ரப்பர் தோட்டத்தில் பால்மரக் காட்டுக்குப் பெற்றோரோடு போய், பால் பிடிக்கும் மங்கு துடைத்தே வளர்ந்த தலைமுறை நம்முடையது. பள்ளிப் பருவத்தில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பல தமிழ்ப்பள்ளிகள் அப்படித்தான் வந்தன. இன்று மூன்றாம் படிவத்தோடு நின்று கடைக்குப் போகும் பையனுக்கு இடைநிலைப் பள்ளி முடிவில் கிடைக்கும் எஸ்.பி.எம். சான்றிதழ் இருக்காது, பெரும்பாலும் ஓய்வுக்காலச் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் இருக்காது. முப்பது வயதிலும் அதே தினக்கூலிதான்.

புகாரைத் தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஆபத்தென்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999, 24 மணி நேரமும் உண்டு. கடை இருக்கும் இடம், பிள்ளை நிற்கும் நேரம், செய்யும் வேலை மூன்றையும் சொல்லுங்கள். வறுமையால்தான் வேலைக்கு வந்தான் என்றால், குடும்பத்தைச் சமூக நல இலாகாவுக்கு அனுப்புங்கள்; ஏழை மாணவர் நிதி பற்றிப் பள்ளியிலும் விசாரிக்கச் சொல்லுங்கள்.