பலிக்பாயன்: ஒரு தகாலோக் சொல்லும் அதற்கான தமிழும்

பலிக்பாயன்: பெயர்ச்சொல். மொழி தகாலோக், பிலிப்பைன்ஸில் பேசப்படுவது. வெளிநாட்டில் நெடுநாள் இருந்துவிட்டுச் சொந்த நாட்டுக்கு வரும் பிலிப்பினோ என்பது பொருள். நிரந்தரமாகத் திரும்பியவராக இருக்க வேண்டியதில்லை. மூன்று வாரம் இருந்துவிட்டு மறுபடி விமானம் ஏறுகிறவரும் பலிக்பாயன்தான். முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வருவது போலவும், 'பா'வை 'பாட்டில்' என்பதில் வருவது போலவும் சொல்ல வேண்டும். அழுத்தம் 'பா'வில் விழும்.

இது இரண்டு சொற்களின் கூட்டு. 'பலிக்' என்றால் திரும்புதல். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது பழகிய சொல். பெருநாளுக்கு முன் நெடுஞ்சாலைகளை அடைத்துக்கொள்ளும் 'பாலிக் கம்போங்' பயணத்தில் இருப்பதும் இதே வேர்தான். தகாலோக்கும் மலாயும் ஒரே மொழிக்குடும்பம்.

'பாயன்' கொஞ்சம் சிக்கலான ஆள். ஊர், நகரம், நாடு, மக்கள் எல்லாமே அதற்குள் அடக்கம். பிலிப்பைன்ஸின் தேசிய கீதம் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. பொதுமக்கள் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'தௌம்பாயன்', குடிமகன் என்பதற்கான 'மமமாயன்' இரண்டும் இதிலிருந்து வந்தவை. சந்தைக்குப் போகிறவரும் 'பாயனுக்குப் போகிறேன்' என்பார், நாட்டுக்காக உயிர் விடுகிறவரும் பாயனுக்காக என்பார். நம் 'நாடு' என்ற சொல்லும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதி. இன்று அதே சொல்லை இந்தியாவுக்கும் சொல்கிறோம், தமிழ்நாட்டுக்கும் சொல்கிறோம்.

இரண்டு வேர்களும் பழையவை. ஆனால் கூட்டிய சொல்லை நாடறியச் செய்தது ஒரு அரசாங்கம். அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாட்டின் பெயர் வெளியே கெட்டுக் கிடந்தது. டாலரும் தேவைப்பட்டது. அமெரிக்காவில் குடியேறிய பிலிப்பினோக்களைச் சலுகைக் கட்டண விமானத்தில் வரவழைத்து, 'பாருங்கள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று காட்டுவதற்காக 1973இல் ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் பலிக்பாயன். மறுவருடமே, 1974இல், தொழிலாளர் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்து வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்புவதை அதே அரசு தன் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. வாருங்கள் என்று அழைத்த கையாலேயே போய்வாருங்கள் என்றும் அனுப்பியது.

இந்த வகைச் சொல்லாக்கம் அரசுக்குப் பிடித்துப் போயிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் விஞ்ஞானிகளைத் திரும்ப அழைக்க 1975இல் வந்த திட்டத்தின் பெயரும் 'பலிக்' என்றே தொடங்கும். மார்கோஸ் போன பிறகும் சொல் போகவில்லை. 1989இல் பலிக்பாயனுக்கென்று தனிச் சட்டமே வந்தது, 2002இல் திருத்தப்பட்டது. அதன்படி ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வெளியே இருந்த குடிமக்கள், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள், வேறு குடியுரிமை வாங்கிவிட்ட முன்னாள் பிலிப்பினோக்கள் ஆகிய எல்லோரும் பலிக்பாயன்களே. முன்னாள் குடிமக்கள் விசா இல்லாமல் ஓராண்டு தங்கலாம்.

அப்புறம் பெட்டி. பலிக்பாயன் பெட்டி என்று ஒன்று உண்டு. ஆள் வர முடியாத வருடங்களில் அவருக்குப் பதிலாகக் கப்பலில் வரும் பெரிய அட்டைப்பெட்டி அது. சோப்பு, சாக்லேட், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, துண்டு, பிள்ளைகளுக்கு ஷூ என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பி அனுப்புவார்கள். வளைகுடாவிலிருந்து வரும் சாமான்களைத் தெருவே கூடிப் பார்த்த நம்மூர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னது அரசு கொடுத்த பொருள். இன்னொரு பொருளைக் கொடுத்தவர் ஒரு திரைப்படக் கலைஞர். பெயர் கித்லாத் தாஹிமிக். தகாலோக்கில் 'அமைதியான மின்னல்'. இயற்பெயர் எரிக் தெ கியா. 1942இல் பாகியோவில் பிறந்தவர். பாகியோ அமெரிக்கர்கள் தங்களுக்காக எழுப்பிய மலைநகரம், அதைச் சுற்றியிருப்பது இகொரோட் பழங்குடிகளின் கோர்தில்யேரா மலை. அமெரிக்காவில் வார்ட்டன் வணிகக் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தார், பாரீஸில் ஒரு பன்னாட்டுப் பொருளாதார அமைப்பில் வேலை பார்த்தார், பிறகு அதை உதறினார். பட்டச் சான்றிதழைக் கிழித்துப் போட்டார் என்பது அவரைப் பற்றி எழுதும் யாரும் விடாமல் சொல்லும் கதை. 1977இல் வந்த முதல் படம் பெர்லின் விழாவில் விமர்சகர் விருது வாங்கியது. அதில் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுனுக்கு ரசிகர் மன்றம் வைத்திருக்கும் கிராமத்து ஜீப்னி (அந்நாட்டு ஷேர் வண்டி) ஓட்டுநராக அவரே நடித்தார். அந்த ஓட்டுநர் பாரீஸ் போய்ப் பார்த்துவிட்டு மயக்கம் தெளிகிறார். ஆக, சொல் தலைப்பில் வருவதற்கு முன்பே கதை பலிக்பாயனுடையதுதான்.

சொல் தலைப்புக்கு வந்தது அடுத்த பெரிய வேலையில். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய போர்த்துக்கீசியர் மகெல்லனின் அடிமை என்ரிக்கே பற்றிய படம் அது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த சமயத்தில் மகெல்லன் வாங்கிய ஆள் என்ரிக்கே. 1519இல் எழுதிய உயிலில் மகெல்லன் அவரை மலாக்காக்காரர் என்கிறார், கூடவே சென்று பயணக் குறிப்பு எழுதிய பிகஃபெத்தா சுமத்ரா என்கிறார். எது எப்படியோ, 1521 மார்ச்சில் கப்பல்கள் இன்றைய பிலிப்பைன்ஸ் தீவுகளை எட்டியபோது, படகில் வந்தவர்களிடம் என்ரிக்கே பேசினார், அவர்களுக்குப் புரிந்தது. ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்டார். தான் இறந்தால் என்ரிக்கேவுக்கு விடுதலை என்று உயிலில் இருந்தும், மிஞ்சியவர்கள் விட மறுத்தார்கள். சில நாளில் செபு அரசர் வைத்த விருந்தில் ஸ்பானியர்கள் வெட்டப்பட்டார்கள். அதன்பின் என்ரிக்கே ஏடுகளிலிருந்து மறைந்துபோகிறார்.

தாஹிமிக் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். என்ரிக்கே இந்தத் தீவுகளின் பிள்ளை என்றால், உலகைச் சுற்றி ஊர் சேர்ந்த முதல் மனிதர் அந்த அடிமைதானே? எனவே அவரே 'பலிக்பாயன் எண் 1'. வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆதாரமும் போதாது. ஆனால் சலுகை டிக்கெட்டில் வரும் டாலர்க்காரருக்காக அரசு வைத்த பெயரை எடுத்து, விலைக்கு வாங்கப்பட்ட ஒருவருக்கு முதல் எண்ணோடு சூட்டியது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. 1979இல் படம் தொடங்கியது, என்ரிக்கே வேடம் அவருடையதே. பணமில்லாமல் நின்றது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், 2015இல்தான் பெர்லினில் திரைக்கு வந்து கலிகாரி விருது பெற்றது. இளமையில் எடுத்ததும் முதுமையில் எடுத்ததும் ஒரே படத்தில் இருக்கின்றன. அதன் பிறகும் வெட்டி ஒட்டிப் புதுப் புது வடிவங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

மேடைக்கும் இதே மனிதர் இகொரோட் கோவணத்தோடு, மூங்கிலில் செய்த கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார். 2021இல் மாட்ரிட்டின் கண்ணாடி மாளிகையில் அவருடைய சிற்பங்கள் வைக்கப்பட்டன. இஃபுகாவ் மக்களின் காற்றுத் தேவதை இன்ஹாபியன் ஒரு பக்கம், மர்லின் மன்றோ எதிர்ப் பக்கம். அந்த மாளிகை 1887இல் பிலிப்பைன்ஸ் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்டது. இகொரோட்டுகள் உட்பட மனிதர்களையே கொண்டுவந்து காட்டிய பொருட்காட்சி அது. பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசால் அப்போதே கொதித்து எழுதியிருக்கிறார். ஒன்று சொல்ல வேண்டும்: தாஹிமிக் பிறப்பால் இகொரோட் அல்ல. மலைப் பெரியவர்களோடு பழகிக் கற்றுக்கொண்டவர். 2018இல் அரசு அவருக்குத் தேசியக் கலைஞர் பட்டம் தந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'தாயகம் திரும்பியோர்' முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கும் அரசுக் காகிதங்களில் இருக்கும் பெயர் அது. அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. விரும்பி வந்துபோகும் பலிக்பாயனுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது தவறு. 'புலம்பெயர்ந்தோர்' போனதை மட்டும் சொல்கிறது. தென்கடலோர முஸ்லிம்களின் 'சபுராளி' அழகான சொல், அதுவும் போகிறவரைப் பற்றியதே. பேச்சில் 'சிங்கப்பூர் ரிட்டர்ன்', 'பர்மா ரிட்டர்ன்' என்போம். அது எங்கிருந்து வந்தார் என்று சொல்லும். தகாலோக் சொல்லோ எங்கே வந்தார் என்று சொல்கிறது.

நான் பரிந்துரைப்பது 'ஊர்திரும்பி'. 'ஊர்சுற்றி' என்பதன் அச்சில் வார்த்தது, கேட்டதும் புரியும், லேசான கேலியும் ஒட்டியிருக்கும். அந்தக் கேலி பலிக்பாயனிலும் உண்டு, பெட்டியும் கையுமாக வருகிறவரை ஊர் அப்படித்தான் பார்க்கிறது. 'பாயன்' என்பதன் நாடு என்ற அகலம் இதில் குறையும் என்பது உண்மை. 'நாடுதிரும்பி' அதைச் சரிக்கட்டும், ஆனால் வாயில் வராது.

தாஹிமிக்கின் படத்தைப் பற்றி எழுதும்போது 'ஊர்திரும்பி எண் 1' என்று தயங்காமல் எழுதலாம். சட்டம், விசா பற்றிய செய்தியில் 'பலிக்பாயன்' என்றே வைத்து, முதல் முறை மட்டும் பொருள் கொடுத்தால் போதும், ஏனென்றால் அங்கே அது வரையறை செய்யப்பட்ட கலைச்சொல். பெட்டிக்கு 'ஊர்ப்பெட்டி' நன்றாக இருக்கிறது. பன்மை வேண்டுமானால் ஊர்திரும்பிகள்.