கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை: இணையவழி வகுப்பு தொடங்குவோர் கணக்கில் கவனிக்க வேண்டியவை

போன மாசி மாதத்தில் ஒரு நாள், ஆரி வேலைப்பாடு செய்யும் தையலகம் ஒன்றின் உரிமையாளர் எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும், "சார், ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சா அதுக்கும் ஜிஎஸ்டி கட்டணுமா?" என்று கேட்டார். அவர் கையோடு கொண்டுவந்திருந்த வங்கிக் கணக்கு விவரத்தைப் புரட்டியபோது, ஆவணி மாதத்திலிருந்தே, ஆன்லைன் கட்டணத்தை வசூலித்துத் தரும் ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து வாரம் இரண்டு மூன்று முறை பணம் வந்திருப்பது தெரிந்தது. 'ஆரம்பிச்சா' என்று அவர் சொன்ன வகுப்பு ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கின் போக்கை மாற்றவில்லை.)

தையல், அழகுக்கலை, யோகா, கேக் தயாரிப்பு, ஏன் எங்களைப் போன்ற கணக்காளர்கள் வரை, கையால் உழைத்துச் சேவை விற்பவர்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் வருமானம் நின்றுவிடுகிறது. ஒரு மணப்பெண் பிளவுஸுக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு தேவைப்படும் என்றால், மாதத்தில் எத்தனை பிளவுஸ் தர முடியும் என்பதை நாள்காட்டியே முடிவு செய்துவிடும். 2020 மார்ச் மாத ஊரடங்கில் கடைகளை மூடியபோது வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பலர், கடை திறந்த பிறகும் அதை விடவில்லை. யோசனையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. என் வருத்தமெல்லாம், தூங்கும்போதும் பணம் வரும் என்ற விளம்பரத்தை நம்பி, வகுப்பைக் கடையின் இன்னொரு அலமாரியாக நினைத்துவிடுகிறார்களே என்பதுதான். அது தனிச் செலவும் தனி வரியும் தனிப் புகார்களும் கொண்ட இன்னொரு தொழில். ஆனால் உங்கள் பழைய பான் எண்ணிலேயே நடக்கிறது. சிக்கல் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

வரிக்குப் போகுமுன் பாடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் சரியில்லாத வகுப்புக்கு வரி கணக்கிடும் வேலையே எங்களுக்கு வருவதில்லை. ஆரி வேலையில் ஊசி துணியின் மேலிருந்து இறங்குகிறது. நூலோ துணிக்கு அடியில் இடது கையில் இருக்கிறது. ஊசியின் கொக்கி அந்த நூலைப் பிடித்துச் சுருக்காக மேலே இழுத்து வருவதுதான் சங்கிலித் தையல். அந்தத் தையலக உரிமையாளர் முதலில் கைபேசியை மேலே கட்டி எடுத்த காணொளிகளில் அழகான தையல் தெரிந்தது, ஆனால் மாணவிகள் யாருக்கும் தையல் வரவில்லை; வேலையில் பாதி நடக்கும் கீழ்க்கை திரையில் இல்லவே இல்லை. பிறகு பிரேமில் கனத்த துணிக்குப் பதிலாக மெல்லிய நெட் துணியைப் பூட்டி, இரண்டாவது கைபேசி ஒன்றைப் பிரேமுக்கு அடியில் வைத்து எடுத்திருக்கிறார். புதிய கேமரா எதுவும் வாங்கவில்லை. அந்த ஒரு பாடத்துக்குப் பிறகு, 'நூல் அறுந்துபோகிறது' என்று வரும் செய்திகள் பாதியாகக் குறைந்ததாகச் சொன்னார். எனவே முதல் குழுவைப் பத்துப் பன்னிரண்டு பேரோடு நேரலையில் நடத்தி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு பதிவு செய்வதே நல்லது என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். காணொளிப் பதிவுக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு 'ஒரே வாரத்தில் வகுப்பு தயார்' என்று வரும் ஆலோசகர்களிடம் இந்தக் குறிப்பு கிடைக்காது.

அவர் கணக்கில் எழுதாத செலவு ஒன்று இருந்தது: நேரம். ஒரு குழுவில் அறுபது மாணவிகள், ஆளுக்கு வாரம் மூன்று சந்தேகம் என்றால் நூற்றெண்பது செய்திகள். ஒவ்வொன்றுக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் குரல்பதிவில் பதில் சொல்ல நான்கு நிமிடம் என்று வைத்தாலும் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். தை மாத முகூர்த்தங்கள் தொடங்கியதும் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் கடையிலிருந்துதான் போயிற்று. இரண்டு மணப்பெண் ஆர்டர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டு பிளவுஸின் கூலி வகுப்பின் லாபத்திலிருந்து கழிய வேண்டிய தொகை. கல்யாணமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் காணொளிப் பதிவு வேலையையும் புதிய குழுக்களையும் வைத்துக்கொண்டு, முகூர்த்த மாதங்களில் சந்தேகங்களுக்கு வாரம் ஒரே ஒரு நேரலை என்று சுருக்கிக்கொள்ள நாங்கள் சேர்ந்து திட்டமிட்டோம்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சேவை வழங்குவோர் தமிழ்நாட்டில் ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். பலர் தவறவிடுவது 'மொத்த' என்ற சொல்லை. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழில்களின் வரவும் அதில் சேரும். இவருடைய தையலகம் அந்த நிதியாண்டில் அதுவரை 17 லட்சம் ஈட்டியிருந்தது. ஆகவே கடைக்குப் பதிவு தேவைப்படவில்லை. வகுப்புக்கு இருநூறு பேர், தலைக்கு 2,000 ரூபாய் வீதம், 4 லட்சம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் வரம்புக்குள்தான்; கூட்டினால் 21 லட்சம். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் வந்தபோது சில நாட்களே மிச்சமிருந்தன. பதிவு பெற்ற பிறகு வகுப்புக்கு மட்டுமன்றி, அதுவரை வரியில்லாமல் இருந்த தையல் கூலிக்கும் அதற்குரிய விகிதத்தில் வரி வசூலிக்க வேண்டும். 4 லட்சம் வகுப்பு, 17 லட்சம் கடையையும் வரிக்குள் இழுத்து வந்துவிட்டது. பதிவு பெறுவது ஒன்றும் கெட்ட காரியமில்லை. அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் கடையின் கூலி விகிதத்தை ஆவணியிலேயே திருத்தியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். வகுப்பைக் கணவர் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார். கணவர் உண்மையில் அந்தத் தொழிலை நடத்தினால் சரி. பாடம் எடுப்பதும் பணம் ஆள்வதும் மனைவியாக இருக்கும்போது பெயரை மட்டும் மாற்றுவது பிறகு விளக்கம் சொல்ல முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

அவர் 4 லட்சம் என்று சொல்லவில்லை, 3 லட்சத்து 90 ஆயிரம் சொச்சம் என்றார். வங்கியில் வந்த தொகையைக் கூட்டியிருந்தார். கேட்வே நிறுவனம் 2 சதவீதக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது 8,000 ரூபாயும் 1,440 ரூபாயும், பிடித்துக்கொண்டு 3,90,560 ரூபாய் அனுப்பியிருந்தது. விற்றுமுதல் என்பது மாணவி செலுத்திய முழுத்தொகை. பிடித்தம் நமது செலவு. வரம்புக்கு அருகில் இருப்பவருக்கு இந்த 9,440 ரூபாய் வேறுபாடே போதும், தாண்டினோமா இல்லையா என்பதை மாற்றிவிட.

இத்தகைய தொழில்முறைப் பயிற்சிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 'கல்விக்கு வரி இல்லை' என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. அந்த விலக்கு பள்ளிக் கல்விக்கும், சட்டம் ஏற்ற தகுதிக்கான பாடத்திட்டத்துக்கும், அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்விக்கும் உரியது, நாம் அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு அன்று. இவர் அடுத்த குழுவுக்கு '2,000 ரூபாய், வேறு எந்தக் கட்டணமும் இல்லை' என்று அறிவித்து அறுபது பேரிடம் பணமும் வாங்க இருந்தார். வரி உள்ளடக்கிய 2,000 என்றால் அதில் 305 ரூபாய் அரசுக்குப் போய்விடும். அறுபது பேருக்கு 18,300 ரூபாய்க்குச் சற்று மேல். அறிவிப்பு வெளியான பிறகு விலையைக் கூட்டுவது சங்கடம் என்று அந்தக் குழுவுக்குக் கைப்பணத்தை விட்டுக்கொடுத்தார். இன்னொன்று: ஆறு மாத வகுப்புக்குக் கட்டணம் முழுவதையும் முதல் மாதத்தில் வாங்கினால், சேவைக்கான முன்பணம் என்பதால் வரியும் அந்த மாதக் கணக்கிலேயே வந்துவிடும். வசூல் வந்த மகிழ்ச்சியில் செலவழித்துவிட்டு வரிக்கு நகை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் கவலை தருவது கிட். ஆரி ஊசி, ஜரி நூல், மணி, குந்தன் எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டி மாணவிகளுக்குக் கூரியரில் அனுப்புவது மாணவிகளுக்கு வசதிதான். ஆனால் சேவையை வெளிமாநிலத்துக்கு வழங்குவோருக்கு 20 லட்சம் வரை இருக்கும் சலுகை, பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவருக்குக் கிடையாது. குறிப்பிட்ட கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஊசியும் நூலும் அதில் அடங்கா. ஆண்டுக்கு மூன்று லட்சமே சம்பாதிக்கும் ஒருவர் பெங்களூருக்கு 600 ரூபாய்க் கிட் ஒன்றை விற்றாலும் பதிவு கட்டாயமாகிவிடுகிறது. பதிவில்லாத சிறு வகுப்பாளர்களிடம், பொருள் பட்டியலை மட்டும் கொடுத்து அவரவர் ஊர்க் கடையில் வாங்கச் சொல்லுங்கள் என்கிறேன். சிறு தொழில்கள் குறைந்த விகிதத்தில் எளிமையாக வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு இன்னும் நெருக்கடி: அவர்கள் வெளிமாநில விற்பனையே செய்யக் கூடாது. பதிவு செய்த காணொளிகளை விற்கும்போது வாங்குபவரின் மாநிலத்தைப் பில்லில் குறித்தாக வேண்டும் என்பதால், கேரள மாணவி ஒருவர் சேர்ந்தாலும் அது எழுத்தில் இருக்கும்.

அழகு நிலையம் நடத்துவோர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு வரி 5 சதவீதம்; உள்ளீட்டு வரி வரவு, அதாவது தொழிலுக்கு வாங்கியவற்றில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது. அதே நிலையத்தின் மேக்கப் வகுப்புக்கு 18 சதவீதம், வரவு உண்டு. வகுப்புக்காகவே வாங்கிய விளக்கு, மைக் ஆகியவற்றின் வரியை எடுத்துக்கொள்ளலாம். கடை வாடகை போன்ற பொதுச் செலவுகளின் வரியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். தனி லெட்ஜரும் முடிந்தால் தனி வங்கிக் கணக்கும் வைத்திருந்தால் இந்தப் பிரிப்பு அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் பில் பொறுக்குவார்கள்.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பதிவு செய்த காணொளிக்கு 'இன்னும் மூன்று இடங்களே உள்ளன' என்று போடுவதும், முடிந்தவுடன் மறுபடி தொடங்கும் கடிகாரத்தை வைப்பதும் எல்லாரும் செய்வதாகப் பழகிவிட்டன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளுள் பொய்யான அவசரமும் ஒன்று. 'மாதம் 50,000 சம்பாதிக்கலாம்' என்ற வரியையும் நிரூபிக்க முடியாதவர்கள் எடுத்துவிடுவது நல்லது. 'வாழ்நாள் முழுதும் பார்க்கலாம்' என்று விற்பவர்களிடம் யாருடைய வாழ்நாள் என்று கேட்பேன். தளத்தின் ஆண்டுச் சந்தாவைக் கட்டப்போவது நீங்கள், 2,000 ரூபாய்க்கு இருபது ஆண்டு கட்டுவீர்களா? பன்னிரண்டு மாதம் என்று எழுதுங்கள். பணம் திருப்பித் தருவது எத்தனை நாளுக்குள், எத்தனை பாடம் பார்க்கும் வரை என்பதையும் கட்டணப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவையுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் திருப்பித் தரும்போது, பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட மறந்தால் கட்டிய வரி கையை விட்டுப் போகும்.

கடைசியாக, வெளிநாட்டு மாணவர்கள். அந்நியச் செலாவணியாகப் பணம் பெற்று, உறுதிமொழிக் கடிதமான எல்யுடி-யை ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்து வைத்திருந்தால், அந்தக் கட்டணம் வரியில்லாத ஏற்றுமதியாகும். இவருடைய மாணவிகளுள் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். அவர் சார்பில் திருச்சியிலுள்ள அண்ணன் ஜிபேயில் 2,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார். பணம் ரூபாயாக, உள்நாட்டுக் கணக்கிலிருந்து வந்ததால், பதிவு பெற்ற பிறகும் அப்படியே தொடர்ந்திருந்தால் அது ஏற்றுமதி ஆகாது. 18 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும். "அண்ணன் அனுப்பினா என்ன சார், தங்கச்சி பணம்தானே?" என்று கேட்டார். இப்போது அந்த மாணவி வெளிநாட்டு அட்டையில் நேராகச் செலுத்துகிறார்; பணம் வந்ததற்கான வங்கிச் சான்றைத் தையலக உரிமையாளர் ஒவ்வொரு மாதமும் மற்ற பில்களோடு எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.