கூட்டமைப்பைப் பதிவு செய்யும் முன்: கிராமத்து டிரஸ்ட் மருத்துவமனைகள் சேர்ந்து சிஎஸ்ஆர் நிதி வாங்க என்ன வழி?

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றிச் சிறு டிரஸ்ட் மருத்துவமனைகளை நடத்துகிறவர்கள், கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைப் பற்றிக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "தனித்தனியாகப் போனால் கம்பெனிக்காரர்கள் மதிப்பதில்லை. நாலு மருத்துவமனை சேர்ந்து போய்க் கேட்கலாமா?" தாராளமாகக் கேட்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் சேர்ந்த கையோடு செய்கிற முதல் காரியம்தான் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. "முதலில் ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்யுங்கள்" என்று யாரோ சொல்கிறார். பைலா எழுதி, பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பேங்க் கணக்குத் தொடங்கி, கம்பெனியில் போய் உட்கார்ந்தால், "உங்கள் அமைப்புக்கு மூன்று வருட அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நேற்றுப் பதிந்த கூட்டமைப்புக்கு அது எங்கிருந்து வரும்? உள்ளே இருக்கிற ஒவ்வொரு மருத்துவமனைக்கும் முப்பது வருட அனுபவம் இருந்தாலும் அது கணக்கில் வராது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். மருத்துவமும் அதில் அடக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் போர்டு தெரிகிற இடமெல்லாம் மனு கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். சிறு ஆலைகளுக்கு இந்தக் கடமையே கிடையாது.

தனியார் அமைப்புகளில் கம்பெனி இந்தப் பணத்தைப் பொது டிரஸ்ட், பதிவான சங்கம், லாப நோக்கமில்லாத 8ஆம் பிரிவுக் கம்பெனி ஆகியவற்றுக்குத்தான் கொடுக்கலாம். டாக்டர் தன் சொந்தப் பெயரில் நடத்தும் நர்சிங் ஹோம், பாதிப் பேருக்கு இலவசமாகவே வைத்தியம் பார்த்தாலும், இதில் சேராது. டிரஸ்டாக இருந்தால் மட்டும் போதாது. பொதுவாக வருமான வரித்துறையின் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) இரண்டும் வேண்டும். அதன் மேல், 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் செக் எழுதாது.

நம் பக்கத்தில் அதிகம் பேர் விழுகிற குழி 80ஜி-யில் இருக்கிறது. எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் பழைய டீடை, அதாவது டிரஸ்டை உருவாக்கிய பத்திரத்தை, நானே வாங்கிப் படித்தேன். முத்திரைத்தாளில் டைப் அடித்த நோக்கங்களில் ஒரு வரி: "நமது சமூகத்தைச் சேர்ந்த ஏழை எளியோரின் மருத்துவ நலனுக்காக." அங்கே எல்லாச் சாதிக்காரர்களும்தான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள், வெளிநோயாளிச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரு சாதியின் அல்லது மதத்தின் நன்மைக்கு என்று டீடில் எழுதியிருந்தால் 80ஜி கிடையாது என்பதே விதி. அந்த ஒற்றை வரியால் அவர்களுக்கு மனு தள்ளுபடி. சாதிச் சங்கங்கள் தொடங்கிய மருத்துவமனைகள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. டீடை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுத்துப் படியுங்கள். திருத்தப் பத்திரம் போடலாம் என்றால், திருத்த அதிகாரம் உண்டு என்று டீடிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும். நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் வருமான வரித்துறையில் மறுபடியும் மனு போட வேண்டும். இதைச் சொல்லாமல் திருத்தம் மட்டும் செய்துகொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது அலைச்சல். 12ஏ, 80ஜி மனுக்களைத் தீர்மானிப்பது சென்னையில் இருக்கிற வருமான வரி ஆணையர் (விலக்கு). ஆகவே மதுரை பீபீகுளம் வருமான வரி அலுவலகத்தில் போய்க் காத்துக்கிடந்து பயனில்லை. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வருமான வரி போர்ட்டலில் ஏறும், அங்கே பதிந்த மெயிலுக்கும் போனுக்கும் தகவல் வரும். எத்தனையோ டிரஸ்டுகளில் அந்த மெயிலும் போனும் பத்து வருடம் முன்பு இருந்த ஆடிட்டருடையது! அவர் பார்ப்பதில்லை, கெடு தாண்டுகிறது, "பதில் இல்லை" என்று மனு நிராகரிக்கப்படுகிறது. தினமும் நோயாளி பார்க்கிற ஒரு சிஸ்டரம்மா இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? போர்ட்டலுக்குள் போய்த் தொடர்பு விவரத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. பேன் கார்டில் இருக்கிற டிரஸ்ட் பெயரும் டீடில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்றும் பாருங்கள். சிஎஸ்ஆர்-1 படிவம் அதில்தான் திரும்பி வருகிறது.

புதுப்பிப்பும் ஆளை அடிக்கும். பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பே மனு கொடுத்திருக்க வேண்டும். 2021-ல் மறுபதிவு வாங்கிய டிரஸ்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு தேதி 2026 மார்ச் 31 என்று இருந்தது. அதற்கான மனுவின் கெடு 2025 செப்டம்பர் 30 ஆக இருந்தது. "ஒருதடவை வாங்கியாச்சு, ஆயுசுக்கும் இருக்கும்" என்று இன்னும் நம்புகிறவர்கள் ஆர்டர் காப்பியில் தேதியைப் பார்க்க வேண்டும். கூட்டாகப் போகிறபோது ஒரே ஒரு மருத்துவமனையின் பதிவு காலாவதியானாலும் மொத்த மனுவும் மேசையில் கிடக்கும்.

சரி, எப்படிச் சேர்வது? கூட்டமைப்பு வேண்டாம், ஒப்பந்தம் போடுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென்று சிஎஸ்ஆர்-1 எண் வைத்திருக்கட்டும். திட்ட அறிக்கை ஒன்றாக இருக்கட்டும். பணம் கம்பெனியிலிருந்து அவரவர் கணக்குக்கு நேராக வரட்டும். "பெரிய டிரஸ்ட் ஒன்று மொத்தமாக வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும்" என்று கம்பெனியே சொல்லும், அவர்களுக்கு அது சுலபம். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு நன்கொடையாக 100 ரூபாய் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் 85 ரூபாயைத்தான் செலவாக வருமான வரித்துறை ஏற்கும். வெளிநாட்டுப் பணமாக இருந்தால் இன்னும் ஆபத்து: 2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கும் அமைப்பு அந்தப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றவே கூடாது, வாங்குகிறவருக்கு அதே பதிவு இருந்தாலும்கூட. நல்லெண்ணத்தில் பக்கத்து மருத்துவமனைக்கு நர்ஸ் சம்பளம் அனுப்பிவிட்டுப் பதிவையே இழக்க வேண்டாம்.

கேட்கும் நேரமும் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் கம்பெனிகள் அவசரமாகத் தேடி வந்து, ஸ்கேன் மெஷினோ ஆம்புலன்ஸோ வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். மெஷின் வந்துவிடும், அதை ஓட்டும் டெக்னீஷியனுக்குச் சம்பளம் வராது. கட்டிலுக்கடியில் உறையோடு கிடக்கும் கருவிகளைப் பார்த்து வயிறெரிந்ததுதான் மிச்சம். ஏப்ரல், மே மாதத்திலேயே போய், "தொடர் திட்டம்" என்று எழுதிக் கேளுங்கள். தொடங்கும் ஆண்டு போக மூன்று ஆண்டு வரை அதை நீட்டலாம், திட்டத்தில் வேலை பார்க்கிறவர்களின் சம்பளத்தையும் மெஷின் பராமரிப்பையும் உள்ளே வைக்கலாம். மூலநிதியாக வங்கியில் போட்டு வைக்கிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள், 2021 ஜனவரிக்குப் பிறகு அது சிஎஸ்ஆர் ஆகாது.

திட்டக் காலம் முடிந்தபின் யார் தருவார்கள்? மருத்துவமனை தன் வருமானத்தில் நிற்க வேண்டியதுதான். 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தை வைத்தே இல்லாதவர்களுக்கும் பார்த்தது. மற்றக் கண் மருத்துவமனைகளுக்கு அந்த நிர்வாகத்தைக் கற்றுக்கொடுக்கவே 1992-ல் லைகோ என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்கள். நமக்கு அந்த அளவு கூட்டம் இல்லை. ஆனால் மருந்தைச் சேர்ந்து வாங்குவதும், வாரம் ஒருநாள் ஒரே சர்ஜனை நாலு ஊருக்கும் வரவழைப்பதும் நம்மால் முடிகிற காரியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அதில் அங்கீகாரம் மருத்துவமனைக்கு மருத்துவமனை தனி. அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஆபரேஷன் செய்துவிட்டு, கூட்டாளி மருத்துவமனையின் பெயரில் பில் போட்டால் அது மோசடி வழக்கு.

ஒப்பந்தத்தில் எழுத மறக்கிற விஷயம் சொத்து. சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கும் கருவியும் கட்டடமும் பதிவு எண் உள்ள அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், டிரஸ்டியின் பெயரில் கூடாது. ஒரு மருத்துவமனை பாதியில் விலகினால் கருவி யாருக்கு, பராமரிப்புப் பாக்கி யார் தலையில், கணக்குக் காட்டுவது யார் என்று ஊர் ஊராகப் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கப்புறம் கம்பெனிக்குப் போங்கள்.