குளிசை கேட்டால் தலையிடியைப் பற்றி ஏன் விசாரிக்கிறார்கள்?

கல்முனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறா: "குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை கேட்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பிரஷர் பார்த்தா. தலையிடி வருமா, வருவதற்கு முதல் கண்ணுக்குள் ஏதும் தெரியுமா என்று கேட்டா. மின்னல் மாதிரி வளைவு வளைவாகத் தெரியும் என்றேன். குளிசை வேண்டாம், லூப் போடுவோம் என்கிறா. என் மச்சாள் அதே குளிசையை வருடக்கணக்காகக் குடிக்கிறா, ஒரு குறையும் இல்லை. தலையிடிக்கும் பிள்ளை உண்டாவதற்கும் என்ன சம்பந்தம்?"

அந்தச் சம்பந்தம் ஈரலில் இருக்கிறது.

குளிசை வேலை செய்யும் விதம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரண்டு ஓமோன்கள் கபச் சுரப்பியை அடக்கி வைப்பதால் முட்டை வெளியேறுவதில்லை. என்னை மயக்குவது அந்த இரண்டில் ஒன்றான ஈஸ்ட்ரோஜனின் கதை.

பெண்ணின் உடம்பு தானே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கு எஸ்ட்ரடயோல் என்று பெயர். அதை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். குடல் உறிஞ்சுவதில் பெரும்பாலானவை நேரே உடம்பெங்கும் போவதில்லை. காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வருகிறவர் கல்லடிப் பாலத்தைத் தாண்டுவது போல, அது முதலில் ஈரலைத் தாண்ட வேண்டும். ஈரலோ எஸ்ட்ரடயோலைப் பிடித்து அங்கேயே வலுவிழக்கச் செய்துவிடும். 1938இல் பெர்லினில் ஷெரிங் கம்பனியின் ஆய்வாளர்களான இன்ஹொஃபனும் ஹோல்வெக்கும் இதற்கு வழி கண்டார்கள். மூலக்கூறின் 17ஆவது காபன் அணுவில், இரண்டே காபன் கொண்ட ஒரு சிறு துண்டை ஒட்டினார்கள். ஈரலின் நொதியம் கைவைக்கும் இடமே அதுதான்! துண்டு ஒட்டியதும் நொதியத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. அப்படிப் பிறந்த எதினைல் எஸ்ட்ரடயோல்தான் இன்றும் பெரும்பாலான கூட்டுக் குளிசைகளில், அதாவது இரண்டு ஓமோனும் கலந்த குளிசைகளில், இருக்கிறது. ஒரு குளிசைக்கு 30 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை இலட்சமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு, போதும்.

ஈரலால் இலகுவில் உடைக்க முடியாத பொருள் ஈரலையே தூண்டிக்கொண்டும் இருக்கும். ஈரல் கலங்கள் ஈஸ்ட்ரோஜனுக்குக் கீழ்ப்படிபவை. அவை வழமையைவிடக் கூடுதலாகச் சில புரதங்களைச் செய்து குருதிக்குள் விடுகின்றன. அவற்றில் ஒன்று அஞ்சியோடென்சினோஜன். பிரஷரை ஏற்றும் ஓமோன் இதிலிருந்துதான் உண்டாகிறது. இன்னும் சில, குருதியை உறைய வைக்கும் காரணிகள். கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்ப்பது முதலாவதுக்காக. 140/90ஐத் தாண்டினால் பொதுவாகக் கூட்டுக் குளிசை கொடுக்கமாட்டார்கள். தலையிடிக் கேள்வி இரண்டாவதுக்காக. கண்ணுக்குள் மின்னல் தெரிந்து பிறகு வருகிற ஒற்றைத்தலையிடி உள்ளவர்களுக்கு மூளையில் குருதி அடைக்கும் வாய்ப்பு ஏற்கெனவே சற்றுக் கூட. அதன்மேல் உறைதலையும் ஏற்றக்கூடாது.

மச்சாள் பயப்படத் தேவையில்லை. குளிசை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 1 முதல் 5 பேருக்கு நாளத்தில் குருதி உறைகிறது. குளிசை எடுப்பவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் அதைவிடக் கூட, 5 முதல் 20 பேருக்கு. பிள்ளை பெற்ற முதல் கிழமைகளில் இன்னும் பல மடங்கு. பச்சை உடம்புக்காரிக்கு மிட்வைஃப் இந்தக் குளிசையைக் கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரல் இன்னொரு பக்கமும் விளையாடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் ஈரலின் நொதியங்களைப் பெருக்கிவிடும். அப்போது குளிசையின் ஓமோன் வேகமாகக் கரைந்து, குடித்தும் கர்ப்பம் தரிக்கலாம். வீட்டில் குடிக்கிற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப்பில் ஓமோனே இல்லை. அதன் செம்பு விந்தணுக்களை முடக்குகிறது, ஈரலுக்கு வேலையில்லை. மாதப்போக்கு கூடலாம் என்பதால் குருதிச்சோகை உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மேற்கையில் தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியில் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் அதுவும் இந்த வாசகிக்குப் பொருந்தக்கூடும்.

குளிசை கருப்பையை வற்றவைத்து மலடாக்கும் என்ற கதை வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வீட்டுக்கு வீடு போகிறது. இது பொய். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு மாதங்களில் முட்டை திரும்ப வெளியேறத் தொடங்கும். இந்தக் கதைக்குப் பயந்து, அடுத்தடுத்த பிரசவங்களில் உடம்பு உருக்குலைகிற பெண்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. வயிற்றிலுள்ள சிசுவின் ஈரல் எஸ்டெட்ரோல் என்ற ஈஸ்ட்ரோஜனைச் செய்கிறது என்று 1965இல் ஸ்டொக்ஹோமில் கண்டார்கள். தாயின் ஈரலை அது குறைவாகவே தூண்டுகிறது. அது கலந்த குளிசைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது 2021இல். 56 வருடம்! பெண்களின் உடம்பைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குவதில் உலகம் காட்டுகிற கஞ்சத்தனத்தை வேறு எப்படிச் சொல்வது?

ஏற்கெனவே கூட்டுக் குளிசை எடுப்பவர்களுக்கு: ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால், பேச்சுக் குழறினால், அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், குளிசை குடிப்பதை முதலாவதாகச் சொல்லுங்கள்.