பணம் இருந்தும் சிபில் ஸ்கோர் ஏன் இல்லை?

வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டுப் பரங்கிப்பேட்டைக்கோ நெல்லிக்குப்பத்துக்கோ திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்வி இது: “என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்கில் பணம் இருக்கு. கார் லோன் கேட்டா சிபில் மைனஸ் ஒன்றுங்கிறாங்க. நான் யாருக்கும் பாக்கி வெச்சதே இல்லையே?”

சேமிப்பு எவ்வளவு என்பது, கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று கணிக்க வங்கிகள் பார்க்கும் இந்த ஸ்கோருக்குத் தெரியாது. இந்தியாவில் வாங்கிய கடனும் அதைக் கட்டிய விதமும்தான் அதற்குத் தெரியும். துபாயில் ஒழுங்காகக் கட்டிய கார் லோன் இங்கே கணக்கில் வராது. 300 முதல் 900 வரையிலான ஸ்கோரைப் போட விவரமே இல்லை என்பதுதான் மைனஸ் ஒன்று. அது கெட்ட பெயர் அல்ல.

முதலில் ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய கடன் விவர நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்பது வெறும் மூடநம்பிக்கை. நம் ஊர்க்காரர்களுக்கு அதில் வரும் தனிச் சிக்கல் இனிஷியல். பழைய வங்கிக் கணக்கில் ‘எஸ். குமார்’, பாஸ்போர்ட்டில் ‘குமார் செல்வராஜ்’, கூடவே கைவிட்ட மொபைல் நம்பர். பெயர், பிறந்த தேதி, பான், போன், முகவரி ஆகியவற்றைப் பொருத்தித்தான் ஒருவரின் கடன்களை ஒரே கோப்பில் சேர்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் உங்கள் வரலாறு இரண்டு கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். போகும்போது மறந்துவிட்டுப் போன கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் பாக்கியாக வளர்ந்து நிற்பதும் உண்டு. அதை முழுதாகக் கட்டி ‘குளோஸ்டு’ என்று பதிய வையுங்கள். தள்ளுபடி பேசி முடித்தால் ‘செட்டில்டு’ என்று விழும். அடுத்து கடன் கேட்கும்போது அது உறுத்தும்.

பிறகு கணக்குகளை உள்ளூர்வாசிக் கணக்காக மாற்றி, ஒரு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்குவதுதான் எளிய வழி. 50,000 ரூபாய் டெபாசிட்டுக்கு 80 சதவீதம் என்றால் லிமிட் 40,000.

பலர் கவனிக்காத நுட்பம் இங்கேதான் இருக்கிறது. மாதம் 30,000 செலவு செய்து, கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டுகிறீர்கள். தாமதம் இல்லை, வட்டி இல்லை. ஆனாலும் லிமிட்டில் 75 சதவீதத்தைத் தின்றவராகப் பதிவாகலாம். காரணம், வங்கி அனுப்புவது ஒரு குறிப்பிட்ட நாளின் பாக்கி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2025 ஜனவரி முதல் மாதம் இரு முறையாவது, மாதக் கடைசி நிலவரம் உட்பட, அனுப்பியாக வேண்டும். நீங்கள் 5-ம் தேதி கட்டுகிறீர்கள். வங்கி உங்கள் பாக்கியைப் படம் எடுத்தது 31-ம் தேதி. ஆகவே பில் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் முன்பே 24,000 கட்டிவிடுங்கள். மீதி 6,000 என்றால் 15 சதவீதம்தான். 30 சதவீதத்துக்குள் வைப்பது பாதுகாப்பு. அதற்காகப் பாக்கியை வேண்டுமென்றே வைத்து வட்டி கட்ட வேண்டியதில்லை.

ஸ்கோர் தென்பட ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து ஐந்து வங்கியில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைக் குறைக்கலாம். நகைக் கடனிலும் வித்தியாசம் உண்டு: வங்கியில் வாங்கியது ரிப்போர்ட்டில் ஏறும், தெருமுனை அடகுக்கடைச் சீட்டு ஏறாது.

ஸ்கோர் போடும் சூத்திரத்தை முழுதாக வெளியிடாதது எனக்கு ஒப்புதல் இல்லை. மறைத்து வைத்த கணக்குதான் “சிபில் ஏற்றித் தருகிறோம்” என்று காசு பறிப்பவர்களுக்கு இடம் கொடுக்கிறது. தவறான பதிவைத் திருத்தக் காசே வேண்டாம்: ரிப்போர்ட் தந்த நிறுவனத்திடம் ஆன்லைனில் புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.