நுரையீரலில் கிருமி, கரைவது தொடை

சிங்கப்பூரின் ஈசூன் பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எழுபதைத் தாண்டிய அம்மா நிமோனியாவுடன் வார்டில் இருக்கிறார். உணவியல் நிபுணர் வந்து, "ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பார்க்க வந்த பெரியம்மாவோ, "முட்டை சூடு, தயிர் சளி, வெறும் கஞ்சி போதும், லங்கணம் பரம ஔஷதம்" என்கிறார், அதாவது பட்டினியே பெரிய மருந்து என்று. யார் பேச்சைக் கேட்பது? கூடவே இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறார்: "நோய் நெஞ்சில்தானே? ஒரு வாரத்துக்குள் கால் ஏன் இப்படிக் குச்சியாகிவிட்டது?"

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். அங்கிருந்தே தொடங்குவோம்.

நிமோனியாவின் அடிப்படை பள்ளியில் படித்ததுதான். நுரையீரலின் காற்றறைகளில் கிருமி புகுந்து நீரும் சீழும் சேர, ரத்தத்துக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது. மூச்சு வேகமாகிறது, காய்ச்சல் ஏறுகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உடலின் எரிசக்திச் செலவு பத்து சதவீதம் போலக் கூடும். சும்மா படுத்திருக்கும்போது நாம் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்து சதவீதம்கூட மூச்சுத் தசைகளுக்குப் போவதில்லை. கடும் மூச்சுத்திணறலில் அது பல மடங்காகிறது. செலவு இப்படி ஏறும் நேரத்தில்தான் பசி சுத்தமாக விட்டுப்போகிறது.

வெறும் பட்டினி என்றால் உடலுக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். ஆரோக்கியமானவர் சாப்பிடாமல் இருந்தால் முதல் நாளிலேயே கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துவிடும். பிறகு தசையில் கொஞ்சம் கரையும். சில நாட்களில் உடல் கொழுப்புக்கு மாறி, அதிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரித்து மூளைக்கே அனுப்பத் தொடங்கும். தசை தப்பிக்கும். மனித இனம் பஞ்சங்களைத் தாண்டி வந்தது இந்த ஏற்பாட்டால்தான். கடுமையான தொற்றில் இந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் அழற்சிச் சமிக்ஞைகளும் தசையை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. அதே நேரத்தில் இன்சுலினின் பேச்சைத் திசுக்கள் கேட்பதில்லை. அதனால்தான் சர்க்கரை வியாதியே இல்லாதவருக்குக்கூட வார்டில் ரத்தச் சர்க்கரை எகிறுகிறது.

சரி, உடல் ஏன் தன் தசையைத் தானே தின்ன வேண்டும்? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். நிமோனியாக் கிருமியின் செல் சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பொருளைச் சேர்த்ததும் அந்த ரத்தநீரில் வீழ்படிவு உண்டானது. நோயாளி குணமானதும் அந்த வினை மறைந்துவிட்டது. இன்று ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'சிஆர்பி' என்று வருகிறதே, அந்தப் புரதம் இப்படித்தான் கண்ணில் பட்டது. ஆரோக்கியமானவருக்கு அது பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும், கடும் நிமோனியாவில் 200, 300 என்று போகும். ஐந்து ஒரே மாதிரி அலகுகள் வட்டமாகச் சேர்ந்து பூப்போல உட்கார்ந்திருக்கும். ஒவ்வோர் இதழிலும் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் 206. கிருமியின் மேலும் செத்த செல்களின் மேலும் போய் ஒட்டிக்கொண்டு, 'இங்கே வா' என்று நோய் எதிர்ப்புப் படையைக் கூப்பிடுவது அதன் வேலை.

இதைத் தயாரிப்பது கல்லீரல். இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை வந்ததும் அது மற்ற உற்பத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு சிஆர்பி, ஃபைப்ரினோஜன், ஹாப்டோகுளோபின் என்று அவசரப் புரதங்களாக உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. அதற்கு மூலப்பொருள் அமினோ அமிலங்கள். கொழுப்பைச் சேமிக்க உடலில் இடம் உண்டு, சர்க்கரைக்கும் ஓரளவு உண்டு. புரதத்துக்கென்று கிடங்கே கிடையாது. உடலில் உள்ள ஒவ்வொரு புரதமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது. அதிலும் பெரிய கையிருப்பு எலும்புத் தசைதான், குறிப்பாகத் தொடை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த அவசரப் புரதங்களில் ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோபான் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அதிகம், தசைப் புரதத்தில் அவை குறைவு. கேம்பல் லேன் பூக்கடையில் முழுக்க ரோஜாவால் ஒரு மாலை வேண்டும் என்று கேட்கிறீர்கள், கடைக்காரரிடம் இருப்பதெல்லாம் கதம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரோஜா மாலைக்காக இரண்டு மூன்று கதம்பத்தைப் பிரித்தாக வேண்டும். மல்லிகையும் மரிக்கொழுந்தும் மிஞ்சிப்போகும். சிஆர்பியில் ஃபீனைல்அலனினின் பங்கு தசைப் புரதத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, அதில் ஒரு கிராம் செய்ய இரண்டு கிராமுக்கு மேல் தசைப் புரதம் கரைய வேண்டியிருக்கிறது. மிஞ்சும் அமினோ அமிலங்களை உடல் சர்க்கரையாக மாற்றி எரித்துவிடுகிறது. அவற்றிலிருந்த நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். இத்தனை நுட்பமான ஓர் ஏற்பாடு இவ்வளவு வீணடிப்பையும் தனக்குள் வைத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

எவ்வளவு கரைகிறது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 63 பேரின் தொடையை அல்ட்ராசவுண்டால் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தே நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாகப் பதினெட்டு சதவீதம் போலக் குறைந்திருந்தது. வாசகியின் அம்மா சாதாரண வார்டில் இருக்கிறார், அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் திசை அதுதான். போவது தொடை மட்டுமா என்றால் இல்லை. சளியை வெளியே தள்ள அழுத்தமாக இரும வேண்டும், அதற்கு வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வேண்டும். அவையும் தசைதானே. தசை கரையக் கரைய இருமல் பலவீனமாகும், சளி உள்ளேயே தங்கும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருப்பதைப் பார்த்து, "சத்துக் குறைவு, முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள்" என்று சொல்பவர்கள் நிறைய. தொற்று நேரத்தில் கல்லீரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது, இருப்பதும் ரத்தக் குழாயிலிருந்து கசிகிறது. அது அழற்சியின் அளவுகோல். சாப்பாட்டின் அளவுகோல் என்று அதை எடுத்துக்கொள்வதை உணவியல் துறை கைவிட்டுவிட்டது. சில வாரங்களில் எவ்வளவு எடை குறைந்தது, தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதே அதைவிட உருப்படியான பரிசோதனை.

கரைவது புரதம்தான் என்றால் அதை அள்ளிக் கொட்டிவிடலாமே? அங்கேதான் பெரியம்மாவின் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குப் பாக்டீரியத் தொற்றை உண்டாக்கிக் கட்டாயமாக உணவு புகட்டினார்கள். அவை அதிகம் செத்தன. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றிய எலிகளுக்குப் புகட்டியபோது அவை பிழைத்தன. எலி மனிதரல்ல என்றாலும், நோயில் பசி அடங்குவது வெறும் கோளாறு அல்ல என்று காட்டிய ஆய்வு அது. மனிதர்களிலும் 2023-இல் 'எஃபர்ட் புரோட்டீன்' என்ற ஆய்வு இதுபோன்ற ஓர் எச்சரிக்கையைத் தந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 1,300-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 2.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் கொடுத்தும் அவர்கள் விரைவாக வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கெடுதலாகவே இருந்திருக்கலாம். அழற்சித் தீயின் உச்சத்தில் தசை கட்டடம் கட்டும் நிலையில் இல்லை. எனவே தீவிர சிகிச்சையில் முதல் சில நாள் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

லங்கணத்தின் நியாயம் அத்தோடு முடிகிறது. சாதாரண வார்டில் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில், ஊட்டச்சத்துக் குறையும் அபாயத்தில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. நிமோனியா போன்ற தொற்று உள்ளவர்களும் அவர்களில் உண்டு. பாதிப்பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு, மீதிப்பேருக்கு உணவியல் நிபுணர் ஆளுக்கேற்ப வகுத்த திட்டம். ஒரு மாதத்தில் இறந்தவர்கள் முதல் குழுவில் 9.9 சதவீதம், இரண்டாவதில் 7.2. புதிய மாத்திரை ஒன்று இதைச் சாதித்திருந்தால் உலகச் செய்தியாகியிருக்கும். இங்கே சிங்கப்பூரிலும் பெரிய மருத்துவமனை ஒன்றில் 818 பேரைப் பரிசோதித்ததில், சேரும்போதே 29 சதவீதத்தினர் ஊட்டக்குறைவோடு இருந்தார்கள். அவர்கள் சராசரியாக இரண்டு நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினார்கள். ஆனாலும் கஞ்சிக்கும் முட்டைக்கும் யாரும் காப்புரிமை வாங்க முடியாது. இந்தத் துறையின் பெரிய ஆய்வுகளில் சிலவற்றுக்கு ஊட்டச்சத்துப் பானம் விற்கும் நிறுவனங்களே பணம் போட்டிருக்கின்றன. மரபணு ஆய்வுக்குப் போகும் பொதுப்பணத்தில் கொஞ்சம் வார்டின் சாப்பாட்டுத் தட்டுக்கும் வரவேண்டும் என்பது என் கட்சி.

கொடுப்பது என்று முடிவானாலும் விழுங்குவது லேசல்ல. ஒவ்வொரு வாய்க்கும் மூச்சு ஒரு நொடி போல நிற்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பது தடவை மூச்சு வாங்குபவருக்கு அந்த ஒரு நொடி கிடைப்பதே கஷ்டம். நேரம் தவறினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிப் புது நிமோனியாவை உண்டாக்கும். தண்ணீரில் கெட்டியாக்கும் பொடி கலப்பதும், உணவை மசித்துத் தருவதும், தேவைப்பட்டால் மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் விடுவதும் அதனால்தான். குழாய் என்றதும் வீட்டார் கலங்கிவிடுகிறார்கள். பல பேருக்கு அது கொஞ்ச நாள் ஏற்பாடுதான். ஊட்டும்போது தலைமாட்டை உயர்த்தியே வைத்திருங்கள். நோயாளி மூச்சு வாங்கும்போது கரண்டியை நீட்டாதீர்கள். இதில் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் சொன்னதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம் சூடு, சளி விவகாரம். ஆஸ்திரேலியாவில் 60 பேருக்குச் சளி வைரஸைத் தொற்றவைத்து, குடித்த பாலின் அளவையும் வெளியேறிய சளியின் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பால் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை. பாலும் உமிழ்நீரும் கலந்தால் தொண்டையில் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், அதைத்தான் நாம் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். முட்டை சூடு என்பதற்கு எனக்குத் தெரிந்து எந்த அளவீடும் கிடையாது.

60 கிராம் எப்படி வரும் என்று பார்த்தால், ஒரு கிண்ணம் வெறும் கஞ்சியில் மூன்று நான்கு கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் ஆறு. ஒரு டம்ளர் பாலில் எட்டு. உள்ளங்கையளவு மீன் துண்டில் இருபது. ஈரச்சந்தையில் விரால் வாங்கிச் சூப் வைத்து எடுத்துப்போகிறவர்கள் மீனையும் உதிர்த்துப் போடுங்கள். சாற்றில் சுவை இறங்கும், புரதத்தில் பெரும்பங்கு சதையிலேயே நிற்கும். புரட்டாசி மாதம், வீட்டில் அசைவம் இல்லை என்றால் டெம்பே 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் இருக்கிறது. அதை மசித்துக் கஞ்சியில் கலக்கலாம், டோஃபு இன்னும் மிருதுவாக இருக்கும். கெட்டித் தயிரும் நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் இந்தக் கணக்கை நீங்களே போடாதீர்கள், அதை உணவியல் நிபுணரிடம் விடுங்கள். பல நாள் எதுவும் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக நிறைய கொடுப்பதும் ஆபத்து. சர்க்கரையோடு பாஸ்பேட்டும் திடீரென்று செல்களுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் பாஸ்பேட்டின் அளவு சரிந்துவிட்டால், மூச்சுத் தசைகளே தளர்ந்துபோகும். ரத்தப் பரிசோதனை பார்த்து மெதுவாக ஏற்றுவார்கள்.

தசை திரும்ப வருவது வீட்டுக்கு வந்த பிறகுதான். அழற்சி அடங்கினால்தான் உணவிலுள்ள புரதம் தசையில் ஒட்டும். அதுவும் அந்தத் தசைக்கு வேலை கொடுத்தால்தான். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொன்ன எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்துவிட்டு முட்டையைக் கொடுங்கள். இரண்டு மூன்று மாதமாவது தொடருங்கள். அடுத்தமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, ரத்த அழுத்தம் பார்க்கும் அந்த வரிசையிலேயே எடையையும் பார்த்துக் குறித்து வையுங்கள்.